வேதத்தில் வரும் நான்கு ‘போதும்’

கேள்வி சுருக்கமாக இதுதான்: கணவருக்கு வேலை போய் ஏழு மாதம். நகை அடகில். மாமியாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சபையில் எல்லாரும் “ஸ்தோத்திரம் பண்ணுங்க, சமாதானம் தானா வரும்” என்கிறார்கள். பண்ணியும் வரவில்லை. அப்போஸ்தலன் பவுல் சொல்லும் மனரம்மியம் என்றால் உண்மையில் என்ன? வீட்டு வேலைக்கு நடுவில் அதை எப்படிப் பழகுவது?

முதலில் அந்த வசனத்தையே பார்த்துவிடுவோம். பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய கடிதம், பிலிப்பியர் 4:11: “நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்.” கத்தோலிக்க வீடுகளில் உள்ள திருவிவிலியத்தில் இதே இடத்தில் ‘மனநிறைவு’ என்று இருக்கும். எல்லாரும் மனரம்மியத்தில் நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டிய இடம் கடைசிச் சொல்: கற்றுக்கொண்டேன். அடுத்த வசனத்தில் “போதிக்கப்பட்டேன்” என்கிறார். அங்கே மூலத்தில் இருக்கும் கிரேக்க வினை, அக்காலத்து இரகசியச் சமயக் குழுக்களில் தீட்சை பெற்றவர்களைப் பற்றிச் சொல்லும் வினை. பட்டினியிலும் நிறைவிலும் எனக்குத் தீட்சை ஆயிற்று என்பது போல. இதை எழுதும்போது பவுல் விசுவாசத்துக்கு வந்து ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. பொதுவாக ஏற்கப்படும் கணக்குப்படி, ரோமாபுரியில், காவலில், கி.பி. 60ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதியது. ஏழு மாதத்தில் வரவில்லையே என்று உங்களையே குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள்.

அவர் பயன்படுத்திய ‘மனரம்மியம்’ என்ற சொல்லும் சபைக்குள் பிறந்ததல்ல. ஸ்தோயிக்கர் என்ற தத்துவக்காரர்களின் சொல் அது. யாரையும் எதையும் சாராமல், தன்னிறைவோடு, எது வந்தாலும் அசையாமல் இருப்பதை அவர்கள் அப்படிச் சொன்னார்கள். பவுல் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளைத் திருப்பிவிட்டார். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்று 13-ஆம் வசனத்தில் சேர்க்கிறார். அதற்கு அடுத்த வசனத்திலேயே, நீங்கள் என் உபத்திரவத்தில் உடன்பட்டது நல்லது என்று, பணம் அனுப்பிய பிலிப்பி சபைக்கு நன்றி சொல்கிறார். அந்தக் காலத்துக் கைதிக்குச் சாப்பாடும் துணியும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். யாரையும் சாராத மனிதர் எழுதிய கடிதமல்ல இது. பிறர் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டவர் எழுதியது.

தேர்வுக்கும் கிரிக்கெட்டுக்கும் 13-ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வதில் பெரிய தீங்கில்லை. ஆனால் அங்கே ‘எல்லாவற்றையும்’ என்பதில் பட்டினியும் சேர்த்தி. “வெற்றி நிச்சயம்” என்று அதை வாசித்துப் பழகியவருக்கு வேலை போனதும் வசனமே பொய்த்துப்போனதாகத் தோன்றிவிடுகிறது.

மனரம்மியம் எது அல்ல என்பதையும் பவுலிடமே பார்க்கலாம். பணத்தைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டான். அவன் பிழைத்ததைப் பற்றி எழுதும்போது, இல்லையென்றால் எனக்குத் “துக்கத்தின்மேல் துக்கம்” ஆகியிருக்கும் என்கிறார். அதே கடிதம், இரண்டாம் அதிகாரம். துக்கமும் மனரம்மியமும் ஒரே ஆளுக்குள் ஒரே மாதத்தில் இருந்திருக்கின்றன. 2 தீமோத்தேயுவில் இன்னும் கிட்டத்தில் தெரியும்: துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு. குளிருகிறது, எனக்குப் போர்வை வேண்டும் என்று கேட்பது அவிசுவாசம் ஆகவில்லை. அடிமையாக இருப்பவனிடம், விடுதலையாக வழி கிடைத்தால் அதை எடுத்துக்கொள் என்றும் சொல்கிறார் (1 கொரிந்தியர் 7:21). ஆகவே வேலை தேடுவதும், கடனை எப்படி அடைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதும் மனரம்மியத்துக்கு எதிரானவை அல்ல.

“போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து” என்று நம்மூரில் சொல்வோம். அது இருப்பவன் இன்னும் ஆசைப்படும்போது சொல்வதற்கான பழமொழி. அரிசிப் பானை காலியாக இருக்கும் வீட்டில் போய் அதைச் சொன்னால் பொருந்தாது. தமிழ் வேதாகமத்தில் ‘போதும்’ என்ற சொல் வரும் இடங்களில் நான்கை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நான்கும் நான்கு வகை.

முதல் போதும் எலியா தீர்க்கதரிசியுடையது. 1 இராஜாக்கள் 19. சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறான். இது நிறைவின் போதும் அல்ல, முடியவில்லை என்கிற போதும். தேவன் அவனுக்கு அந்த இடத்தில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டினான். சாப்பிட்டான், திரும்பவும் படுத்தான். இரண்டாம் தரமும் அடைதான். “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்று மட்டும் சொல்லப்பட்டது. கேள்வியும் மெல்லிய சத்தமும் எல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்.

இதிலிருந்து எடுக்க வேண்டியது மிகச் சாதாரணமானது. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கி, மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு நின்றபடியே மிச்சத்தைச் சாப்பிடுகிறவர், “என் ஜெபத்தில் ஜீவன் இல்லை” என்று சொன்னால் முதலில் ஜெபத்தைத் திருத்த வேண்டியதில்லை. அதிகாலை 4 மணி ஜெபத்தை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மனஸ், எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று சொல்பவர் தன் சர்க்கரை மாத்திரையை விடுகிறாரா என்று பாருங்கள்.

இரண்டாவது, மத்தேயு 6:34: “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்.” கவனியுங்கள், நாளைக்குக் கஷ்டம் இராது என்று இயேசு சொல்லவில்லை. இன்றைக்கு இன்றைய பாடு, அளவு அவ்வளவுதான் என்கிறார். இது மன்னாவின் கணக்கு, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்குக் கிடைத்த ஆகாரம் அது. யாத்திராகமம் 16: ஆளுக்கு ஓர் ஓமர், ஆறாம் நாளில் மட்டும் இரண்டு. ஓமர் என்பது ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளும் அளவு. மறுநாளுக்கு வைத்தது புழுத்து நாறிற்று. நீதிமொழிகள் 30:8-இல் ஆகூர் “என் படியை எனக்கு அளந்து” என்று கேட்பதும் இதே கணக்கு. படியளக்கிறவர் என்று கடவுளைச் சொல்லும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் இதற்கு ஒரு நோட்டு போதும், காலையில் பத்து நிமிடம், போனைத் தொடுவதற்கு முன்பு. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தி, இன்றைக்கு என்ன வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். இன்றைக்கு மட்டும். “அவருக்கு வேலை கிடைக்கணும்” என்பது இன்றைய வரி அல்ல. அது ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தில் இருக்கட்டும். “இன்று அவர் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்ப மனபலம்,” “டயாலிசிஸ் முடிந்து அம்மாவுக்கு பிரஷர் இறங்காமல் இருக்க,” “ஸ்கூலில் ஃபீஸ் பற்றிக் கேட்டால் கூனிக் குறுகாமல் பதில் சொல்ல.” இப்படி. இரவில் அந்த மூன்று வரிக்கும் பக்கத்தில் என்ன ஆயிற்று என்று ஒரு சொல் எழுதுங்கள். கிடைத்தது, கிடைக்கவில்லை, வேறு விதமாக வந்தது. கிடைக்காததையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நோட்டு சாட்சிப் புத்தகமாக மாறிவிடும். பெரிய விண்ணப்பத்தையே தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் தினமும் தோல்விதான் பதிவாகும். மனம் அதைப் பழகிக்கொண்டு ஒரு கட்டத்தில் கேட்பதையே நிறுத்திவிடும். பலருடைய ஜெபம் வறண்டுபோவது இங்கேதான்.

காலையில் வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதமும் வேண்டும். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் 150 சங்கீதத்தையும் முப்பது நாளுக்குப் பிரித்துக் காலை மாலை என்று கொடுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நெருக்கடியில் அது பாரம். ஒரு வாரத்துக்கு ஒரே சங்கீதம் எடுங்கள். வரிசை: 13, 42, 62, 73, 88, 121, 131. ஏழு வாரம். 23-ஐயும் 91-ஐயும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவை உங்களுக்கு மனப்பாடம். வாய் ஓடும், மனம் நிற்காது.

சங்கீதம் 13 ஆறே வசனம். “எதுவரைக்கும்” என்று நான்கு முறை கேட்கிறது. முதல் இரண்டு வசனம் முறையீடு: மறந்துவிட்டீரா, முகத்தை மறைப்பீரா, நான் எவ்வளவு காலம் உள்ளுக்குள்ளேயே யோசித்துக்கொண்டிருப்பேன். அடுத்த இரண்டு, விண்ணப்பம். அதற்குப் பிறகுதான் நம்பிக்கையும் பாட்டும். சபையில் நடப்பது என்னவென்றால் நேரடியாக 5-ஆம் வசனத்துக்குத் தாண்டிவிடுகிறோம். முறையீட்டைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு ஸ்தோத்திரத்தை மேலே போட்டு மூடினால், அது உள்ளே கிடந்து கசப்பாகும். பிள்ளைகள் மேல் எரிந்து விழும்போது வெளியே வரும். எனவே முதல் வாரம் முழுவதும் முதல் இரண்டு வசனத்தின் கீழே உங்கள் “எதுவரைக்கும்” ஒன்றை எழுதுங்கள். பணிவான மொழியில் இருக்க வேண்டியதில்லை. “எதுவரைக்கும் அடகுக்கடை வாசலில் நிற்பேன்” என்று எழுதலாம். 88-ஆம் சங்கீதம் வரும் வாரத்தில் ஒன்று கவனிப்பீர்கள்: அது நம்பிக்கையில் முடிவதே இல்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்பதோடு இருட்டில் நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். சில நாள் ஜெபம் அங்கேயே முடியலாம்.

“எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்று இருக்கிறதே என்று கேட்பார்கள். 1 தெசலோனிக்கேயர் 5:18. ‘எல்லாவற்றிலேயும்’ என்றால் எல்லாச் சூழலுக்குள் நின்றும். எபேசியர் 5:20-இல் “எல்லாவற்றிற்காகவும்” என்றும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதைச் சிறுநீரகம் பழுதானதற்காக நன்றி சொல் என்று விரித்தால், தம் சிநேகிதன் லாசருவின் கல்லறையில் இயேசு செய்ததோடு பொருந்தாது. யோவான் 11-இல் அவர் கண்ணீர் விட்டது 35-ஆம் வசனம். ஸ்தோத்திரம் சொன்னது 41-ஆம் வசனம், அதுவும் பிதா தமக்குச் செவிகொடுத்ததற்காக. லாசரு செத்ததற்காக அவர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

இரவில் பதினைந்து நிமிடம். இதற்கு இயேசு சபையை நிறுவிய இக்னேசியார் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஆன்ம ஆய்வு முறையே வசதியானது; சிஎஸ்ஐக்காரரும் பெந்தெகொஸ்தேக்காரரும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்து படி. முதலில் நன்றி. பிறகு, கழிந்த நாளை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேட்பது. பிறகு காலையிலிருந்து மணிக்கு மணி அந்த நாளை ஓட்டிப் பார்ப்பது. பிறகு தவறியதற்கு மன்னிப்பு. கடைசியில் நாளைக்கு ஒரு தீர்மானம். நன்றி முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சோர்வோடு நாளைத் திரும்பிப் பார்த்தால் கண் முதலில் குற்றத்தில்தான் விழும், அதோடு தூங்கப் போவோம்.

நன்றி சொல்வதில் கெட்டுப்போகும் இடம் ஒப்பிப்பது. “சுகத்துக்காக ஸ்தோத்திரம், ஜீவனுக்காக ஸ்தோத்திரம், நல்ல நாளுக்காக ஸ்தோத்திரம்” என்று ஓடினால் நாளைக்கும் அதே வாக்கியங்கள்தான் வரும். மூன்று நன்றி போதும், ஆனால் மூன்றும் இன்றைக்கு மட்டுமே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். “டயாலிசிஸ் சிஸ்டர் இன்று முதல் குத்திலேயே ஊசி ஏற்றிவிட்டார்கள்.” “ரசம் நன்றாக வந்தது, அவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.” இந்த அளவுக்குச் சின்னதாக. நான்கு மணி நேரம் மெஷின் ஓடும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த நேரம் நீண்ட ஜெபத்துக்கு ஏற்றதல்ல. பெயர் கூப்பிடுவார்கள், மருந்து வாங்கிவரச் சொல்வார்கள். அங்கே “கர்த்தாவே, இரங்கும்” என்ற ஒரே வரியை மூச்சோடு சொல்லுங்கள், போதும். முடிந்தால் பக்கத்தில் இருக்கிறவரிடம் அவர் யாருக்காக வந்திருக்கிறார் என்று கேளுங்கள்.

மூன்றாவது போதும்: “உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்றிருக்கக்கடவோம்” (1 தீமோத்தேயு 6:8). இது பணத்தைப் பற்றியது, ஆகவே பணத்தைப் பற்றியே பேசவேண்டும். சனிக்கிழமை இரவு அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி. பல வீடுகளில் கணவர் வாங்கிய கைமாற்று மனைவிக்குத் தெரியாது, மனைவி குழுவில் எடுத்தது கணவருக்குத் தெரியாது. மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கி நகைக்கடன் அதைவிட வெகு குறைவு. வட்டி அதிகமான கடன் முதலில் போக வேண்டும், சத்தம் அதிகமாகப் போடுகிறவருடைய கடன் அல்ல. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் அதற்கென்றே தடைச் சட்டம் இருக்கிறது. பொறுமையாக இருப்பது என்ற பெயரில் அதைச் சகிக்க வேண்டியதில்லை. டயாலிசிஸ் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. இன்னும் அட்டை எடுக்கவில்லை என்றால், வாங்கும் வழியைத் திங்கட்கிழமை விசாரியுங்கள்.

அப்புறம் தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுப்பது. இதில் மனசாட்சி குத்திக் குத்திப் பல குடும்பங்கள் வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போட்டிருக்கின்றன. 2 கொரிந்தியர் 8:12 நேராகவே சொல்கிறது: மனவிருப்பம் இருந்தால், ஒருவனுக்கு “இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே” அங்கீகரிக்கப்படும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் திருப்பிவிட்டவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது. மாமியாருடைய மருந்துப் பணத்தை விதைக் காணிக்கையாகக் கேட்பவருக்கு அதைக் காட்டலாம். அதற்காகக் கொடுப்பதை நிறுத்தவும் சொல்லவில்லை. கொடுப்பது நின்றுபோனால் “எனக்கு ஒன்றுமில்லை” என்ற எண்ணம் கெட்டியாகிவிடும். மிசோரத்தில் 1910 முதல் பிடியரிசி வழக்கம் இருக்கிறது: உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுப்பார்கள். ஏழை மலை ஊர்களின் சபை அதில் வளர்ந்தது. நம் பக்கத்திலும் பிடியரிசி தெரிந்த சொல்தான். ஒரு பிடி எடுப்பதால் வீட்டில் யாருக்கும் பசி அதிகமாகிவிடாது. கடன் தீரும்வரை உங்கள் காணிக்கை அந்த அளவில் இருக்கட்டும், ஆனால் ஒரு வேளையும் தவறாமல்.

ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். சங்கீதம் 73-இல் ஆசாப் துன்மார்க்கரின் வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக் கால் தள்ளாடினேன் என்கிறான். அவன் பார்வை திரும்பியது 17-ஆம் வசனத்தில், பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபோது. இன்றைய சங்கடம், பல சமயம் அந்த ஸ்தலத்துக்குள்தான் பொறாமை பிடிக்கிறது. சாட்சி நேரத்தில் ஒருவர் கார் வாங்கினார், ஒருவருக்கு கனடா விசா வந்தது. அவர்கள் சொல்வது பொய்யல்ல, ஆனால் நடந்தவர்கள் மட்டுமே மைக்கைப் பிடிக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாத வாரத்தில் சாட்சி முடிந்து பாட்டு தொடங்கும்போது போய் உட்காருங்கள், பாவமில்லை. வாட்ஸ்ஆப்பில் சிலருடைய ஸ்டேட்டஸை மூடிவைப்பதும் ஆவிக்குரிய காரியம்தான். “வேலை கிடைச்சுதாம்மா?” என்று கேட்பவர்களுக்கு ஒரே வாக்கியம் தயாராக இருக்கட்டும்: “இன்னும் இல்லை ஆன்ட்டி, ஜெபத்துல வெச்சுக்கோங்க.” அதோடு நகர்ந்துவிடலாம். முழுவதையும் சொல்ல இரண்டு பேர் போதும். ஆலோசனை சொல்லாமல் கேட்கத் தெரிந்த இரண்டு பேராகத் தேர்ந்தெடுங்கள்.

வருடப் பிறப்பில் சபையில் எடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11, “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொன்னான். ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது. அவனைத்தான் வேதம் பொய்யன் என்கிறது. “இந்த மாசத்துக்குள்ள வேலை” என்று நாள் குறித்துச் சொல்பவரிடம் கோபப்பட வேண்டாம், ஆனால் அந்தத் தேதியை நோட்டில் குறித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். தோட்டத்துக்கு வேண்டியதைச் செய்யுங்கள்: உங்கள் கணவர் தன் பழைய சம்பளத்துக்குக் குறைவான ஒரு வேலையை ஒப்புக்கொள்வது பாபிலோனில் தோட்டம் நாட்டுவதுதான்.

நான்காவது போதும் கடினமானது. 2 கொரிந்தியர் 12:9, “என் கிருபை உனக்குப்போதும்.” பவுல் மாம்சத்தில் இருந்த முள்ளை, அதாவது தீராத ஓர் உபாதையை, எடுக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், எடுக்கப்படவில்லை. பதில் வந்தது, சுகம் வரவில்லை. இந்த வசனத்தைப் பிறருக்குச் சொல்லும் உரிமை யாருக்கும் எளிதில் கிடையாது. பவுலுக்கு இது நேராகச் சொல்லப்பட்டது, அதுவும் அவர் மூன்று முறை கேட்ட பிறகு. படுக்கையில் இருப்பவரிடம் முதல் நாளே போய் இதை வாசிப்பது கொடுமை.

எடுக்கப்படாத முள்ளோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதற்கு வேலூரில் ஒரு பொதுச் சான்று உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ், சிஎம்சி மருத்துவமனையில் இளம் மருத்துவர், 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நடை திரும்பவே இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யப் பழகினார், பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார், திரும்பிவந்து வேலூரில் அந்தத் துறையையே நிறுவினார். மறுவாழ்வு மையம் 1966-இல் வந்தது. விபத்துக்கும் மையத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இப்படிப்பட்ட வாழ்க்கையை ஐந்து நிமிடப் பிரசங்க உதாரணமாகக் கேட்கும்போது அந்தப் பன்னிரண்டு ஆண்டு காணாமல் போய்விடுகிறது.

ஏழாவது வாரத்துச் சங்கீதம் 131, மூன்றே வசனம். அதில் நடுவசனம் “பால்மறந்த குழந்தை” என்கிறது. தமிழில் இது எவ்வளவு துல்லியமான சொல்! பால் குடிக்கிற குழந்தை அல்ல. மார்பில் வேப்பிலை அரைத்துத் தடவி, குழந்தை வாயைக் கோணி அழுது, இரண்டு மூன்று இரவு வீடே தூங்காமல், கடைசியில் பால் மறந்த குழந்தை. அதற்கு முன்பு மடியில் ஏறியதும் முகத்தைத் திருப்பி முந்தானையை விலக்கும். இப்போது மடியில் சும்மா சாய்ந்து உட்காருகிறது. தாய் கொடுப்பதற்காக வரவில்லை, தாய்க்காக வந்திருக்கிறது. மனரம்மியம் என்று பவுல் சொல்வதற்கு இதைவிடக் கிட்டின படம் வேதத்தில் இல்லை என்பது என் கருத்து. மறக்கடிக்கும் இரவுகளின் அழுகையும் அந்தப் படத்துக்குள் இருக்கிறது. இப்போது நீங்கள் இருப்பது அந்த இரவுகளில் ஒன்றாக இருக்கலாம்.

சில எச்சரிக்கைகள், சுருக்கமாக. மாமியாருக்கு உபவாசம் வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிக்கு உணவும் தண்ணீரும் மருத்துவர் குறித்த அளவில்தான் இருக்க வேண்டும், எண்ணெய் பூசி ஜெபித்த பிறகும் ஒரு டயாலிசிஸைக் கூடத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் அடி விழுகிறது என்றால் அதற்கு மனரம்மியம் மருந்தல்ல. பெண்கள் உதவி எண் 181. பொருத்தனை (நேர்ச்சை) செய்திருந்தால் நிறைவேற்றுங்கள், ஆனால் நெருக்கடியில் புதிதாக ஒன்றும் செய்யாதீர்கள். கொடுத்தால் தருவார் என்ற பேரம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், கிடைக்காத ஒவ்வொரு நாளும் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றும். உங்கள் கணவரை இந்த நோட்டுக்குள் இழுக்காதீர்கள். வேலை இல்லாத ஆணுக்கு வீட்டில் கிடைக்கும் ஒவ்வொரு வசனமும் குத்தலாகக் கேட்கும். சனிக்கிழமைக் கணக்குக்கு மட்டும் கூட உட்காரட்டும். சங்கீதம் 13-ஐ அவரே கண்டுபிடிக்கட்டும்.

நோட்டு நடுவில் நின்றுபோகும். ஒரு காய்ச்சல், ஒரு ஆஸ்பத்திரி ராத்திரி, நான்கு நாள் வெற்றுப் பக்கம். அப்போது பலர் விட்டுப்போன நாளையெல்லாம் சேர்த்து எழுத உட்காருவார்கள், முடியாமல் மொத்தத்தையும் கைவிடுவார்கள். நேற்றைய மன்னாவைப் பொறுக்க முடியாது. வெற்றுப் பக்கங்களை அப்படியே விட்டுவிட்டு, இன்றைய தேதி போட்டு, இன்றைக்கு வேண்டிய மூன்று வரியை எழுதுங்கள்.